குலுக்கல் அக்காவின் நோட்டு

எங்கள் ஆபீசில் அவருக்குக் குலுக்கல் அக்கா என்று பெயர். நான்தான் வைத்தேன், வாய்க்கொழுப்பு. தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டு, தான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அம்மாவோடு இருந்தவர்.

நாங்கள் தயாரிக்கும் மென்பொருளில் வேண்டும், வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க முந்நூறு வசதிகள் உண்டு. எதை எதோடு சேர்த்தால் மென்பொருள் உருவாகாமல் பாதியில் நின்றுபோகும் என்று யார் கண்டது? அதனால் ஒரு கணினி நாள் முழுக்கச் சீட்டுக் குலுக்குவதுபோல வசதிகளைக் கண்டபடி சேர்த்து உருவாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதைக் கவனிப்பதுதான் அக்காவின் வேலை.

ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஓர் எண். அந்த எண்ணைக் கொடுத்தால் அதே சேர்க்கை அப்படியே திரும்ப வரும். இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் வராது. சனியன், அது குலுக்கல் முடியும்போதுதான் திரையில் வரும். ஒரே நிமிடத்தில் அடுத்தது தொடங்கி அதை அழித்துவிடும். அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து நோட்டில் எழுதுவார். சாப்பாடும் அங்கேயேதான்.

"தம்பி, அந்த நம்பரை அதுவே எழுதி வைக்கிற மாதிரி பண்ணிக் குடேன்."

"நாளைக்குப் பண்றேன்க்கா."

இரண்டு வருடம் இப்படியே ஓட்டினேன். "உன் நாளைக்கு எந்தக் கிழமைல வருது?" என்று சிரிப்பார். நானும் வெட்கமில்லாமல் சிரிப்பேன்.

அந்த வருடம் ஒரு பிழை எங்களைப் பாடாய்ப்படுத்தியது. மூன்று மாதத்தில் இரண்டே முறை தலைகாட்டியது; இரண்டு முறையும் அக்கா இடத்தில் இல்லை, எண் போய்விட்டது. மேனேஜர் எல்லார் முன்னாலும் அவரைக் காய்ச்சி எடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் முறை அது ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. பிழை வந்த பிறகும் மிச்சச் சோதனைகள் ஓடிக் குலுக்கல் முடிந்து எண் வர இன்னும் அரைமணி. அப்போது, பத்து நாளாய் அம்மா கிடந்த ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை போன் செய்தாள்.

"அக்கா, அம்மா உன்னைத்தான் கேக்கறாங்க. உடனே வா."

"அரைமணி நேரம்டி. இதோ வந்துடறேன்."

அந்த எண்ணை எழுதச் சொல்ல என்னை இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் மீட்டிங்கில் போனை அணைத்து வைத்திருந்தேன்.

எண்ணை எழுதிவிட்டுத்தான் ஓடினார். போய்ச் சேர்ந்தபோது அம்மா போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

ஐந்தாம் நாள் வேலைக்கு வந்து, நோட்டை என் மேசையில் வைத்தார். "போட்டுப் பாரு தம்பி."

போட்டேன். அதே பிழை அச்சுப் பிசகாமல் வந்தது. நிரலில் ஒரு வரி விடுபட்டிருந்தது, சேர்த்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், எண்ணைத் தானாகச் சேமிக்கிற வேலையையும் அப்போதே செய்தேன். நாலே வரி. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா பின்னாலேயே நின்றிருந்தார்.

"அவ்வளவுதானா தம்பி?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அவ்வளவுதான்க்கா."

தலையாட்டிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். திரையில் அடுத்த குலுக்கல் முடியப்போகிறது என்று பழக்கத்தில் பேனாவைத் திறந்தார்.