முப்பத்துநான்கு நாள் தண்ணீர்

கானிமுக்கு நாற்பத்துமூன்று வயது. அதில் பதினேழு வருடம் தரைக்கு மேலேயே கழிந்துவிட்டது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளை இறக்கும் பெரிய கிரேனின் உச்சியில், கண்ணாடித் தரை போட்ட கூண்டில் உட்கார்ந்து, குனிந்து கீழே பார்த்தபடி வேலை செய்தான். முப்பது டன் பெட்டியைத் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைப்பதுபோல லாரியின் முதுகில் சத்தமில்லாமல் வைப்பான். இது லாரி ஓட்டுநர்கள் சொன்ன பேச்சு. அவன் அக்கா பஹீஜா அதை ஒரு சொல்கூட மாற்றாமல் பஸ்ராவில் தனக்குத் தெரிந்த அத்தனை வீடுகளிலும் சொல்லிவிட்டாள்.

பஹீஜா அவனைவிட எட்டு வயது மூத்தவள். அம்மா இறந்ததும் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு அவனை வளர்த்தாள். கணவன் போன பிறகு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். படிப்பு கொஞ்சம்தான், ஆனால் எழுத்து மணி மணியாக இருக்கும். வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, எப்போது திறந்தது என்று அவளைக் கேட்டால் தேதியோடு வரும்.

கண் கோளாறு ரமலான் முடிந்த கையோடு ஆரம்பித்தது. முதலில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல், பிறகு எரிச்சல். பிற்பகலானால் பெட்டிகளின் மூலைகள் இரண்டிரண்டாகப் பிரிந்து தெரியும். கண்ணை மூடித் திறந்தால் ஒன்றுசேரும், மறுபடி பிரியும். ஒரு நாள் அப்படிப் பிரிந்திருந்த நேரத்தில் பெட்டியை இறக்கினான். அது லாரியில் பொருந்த வேண்டிய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, சரிந்து, நின்றது. ஓட்டுநர் அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து நகர்ந்திருந்தார்.

கானிம் எதையும் மறைக்கவில்லை. இறங்கிப் போய் மேற்பார்வையாளரிடம் தானே சொன்னான். பகல் முறை மட்டும் பார்க்கட்டும், நாற்பத்திரண்டு நாள் கழித்துக் கண் பரிசோதனை என்று உத்தரவு வந்தது. அதில் தேறாவிட்டால் தரை வேலை. தரைக்கு வந்தவன் மறுபடி மேலே ஏறிய வழக்கம் அங்கே கிடையாது.

துறைமுகத்து ஆட்களின் கண்ணைப் பார்ப்பவர் டாக்டர் விதாத். கீழ் இமைக்குள் கோடு போட்ட ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் வைத்து எடுத்தவர், அந்த ஊர் வழக்கப்படி கானிமை ரியாமின் அப்பா என்று பிள்ளையின் பெயரால் அழைத்தார்.

"பத்து கோட்டுக்கு மேல நனையணும், அபூ ரியாம். உங்களுக்கு வலது நாலு, இடது மூணு."

"இவன் அழுததே இல்ல டாக்டரம்மா. அதனால வத்திப்போச்சோ?" என்றாள் பஹீஜா.

"அழுற தண்ணி வேற, ஹஜ்ஜியா." மூத்த பெண்களை அங்கே அப்படித்தான் மரியாதையாக அழைப்பார்கள். "இது கண்ணு மேல எப்பவும் இருக்க வேண்டிய ஈரம். இவருக்குத் தண்ணியும் குறைவு, அது மேல படியற எண்ணெயும் குறைவு. சொட்டு மருந்து தர்றேன். காலையும் சாயங்காலமும் வெதுவெதுப்பான துணி ஒத்தடம். மீன் நிறைய சாப்பிடட்டும். மீன் எண்ணெய் மாத்திரை சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கறதில்ல, போட்டுப் பாருங்க. ஏசி காத்து முகத்துல அடிக்கக் கூடாது. கண்ணைச் சிமிட்டணும். தண்ணி நல்லா குடிக்கணும். தினம் ரெண்டு லிட்டராவது."

பஹீஜா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். "நல்லா" என்பதை எழுதவில்லை, "இரண்டு லிட்டர்" என்பதை எழுதிக் கீழே கோடு போட்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டு அடுப்பு அவள் கைக்குப் போனது. வாரத்தில் மூன்று நாள் சுபூர் மீன், பொரிக்காமல் தணலில் வாட்டியது. சுபூர் மீனில் முள் அதிகம். முள்ளைத் தான் எடுத்துவிட்டுத் தட்டில் வைப்பாள். தயிரில் அரைத்த ஆளிவிதை, காலையில் ஏழு அக்ரூட் பருப்பு. நாளுக்கு ஒன்பது கோப்பை கறுப்புத் தேநீர் குடிப்பவனுக்கு மூன்றுதான், அதிலும் சர்க்கரை பாதி. மாத்திரை சாப்பாட்டோடு. இரண்டு லிட்டர் பாட்டில் நிறைய நல்ல தண்ணீர் காலையில் கையில் கொடுத்தனுப்புவாள். மாலையில் காலியாகத் திரும்பி வரும். அதை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதுவாள்: "தண்ணீர், இரண்டு லிட்டர், முடிந்தது."

பத்து நாள் போயிற்று. இருபது நாள் போயிற்று. கானிம் வீட்டுக்கு வந்ததும் கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். விழிவெண்மை மாதுளை நிறத்தில் இருக்கும்.

"இன்னிக்கு எப்படிடா?"

"பரவால்ல அக்கா."

"பரவால்லன்னா? நேத்தைவிட நல்லாருக்கா, மோசமா?"

"நோட்டுல எழுதற மாதிரி எனக்குச் சொல்லத் தெரியாது. எரியுது."

இருபத்தைந்தாம் நாள் பஹீஜாவுக்குப் பயம் தலைக்கேறியது. ஆட்டு ஈரல் கண்ணுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு ஆறு நாள் தொடர்ந்து ஈரலே சமைத்தாள். டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னபோது அவர் திட்டினார்.

"ஹஜ்ஜியா, தினமும் ஈரல் போட்டா அவர் ஈரல்தான் கெடும். வாரத்துக்கு ஒரு தடவை போதும். நீங்க செய்யறதெல்லாம் சரியா நடந்தா இத்தனை நாள்ல கொஞ்சமாவது தெரியணுமே? எங்கயோ எதுவோ விட்டுப்போகுது."

என்ன விட்டுப்போகிறது? நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது. சரியாகச் செய்தும் பலிக்கவில்லை என்றால், செய்ய இனி ஒன்றும் மிச்சமில்லை என்றுதானே அர்த்தம்? அன்று தொழுகை விரிப்பில் உட்கார்ந்தவள் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

முப்பத்தைந்தாம் நாள் காலையில் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால், பாட்டிலை நிரப்பிக் கொடுத்தவள் கானிமின் மனைவி சுஹாத். பஸ்ராவில் எல்லா வீட்டிலும்போல அந்தச் சமையலறையிலும் இரண்டு குழாய்கள். ஒன்று ஊர்க்குழாய். அதில் வருவது உப்புத் தண்ணீர், பாத்திரம் கழுவ மட்டும் ஆகும். இன்னொன்று, லாரியில் விற்கிற நல்ல தண்ணீரை வாங்கி ஊற்றிவைக்கும் தொட்டியிலிருந்து வருவது.

பதினோரு மணிக்குத் தேநீர் போடப்போன பஹீஜா தொட்டிக் குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"சுஹாத்! தொட்டி எப்ப காலியாச்சு?"

"நேத்தே தண்ணி லாரி வரலையே."

"அப்ப காலைல அவனுக்கு எதுல பிடிச்சே?"

சுஹாத் கையிலிருந்த துடைப்பத்தை அப்படியே விட்டாள். "அய்யய்யோ. தூக்கக் கலக்கம் அக்கா. அந்தப் பக்கக் குழாய்லதான் பிடிச்சிருப்பேன்."

"முழு பாட்டிலும் உப்பா? வயிறு என்னத்துக்கு ஆகும்?"

"ஒரு வாய் வச்சதும் துப்பிடுவாரு. வந்து என்னைத்தான் துப்புவாரு, பாருங்க."

மாலையில் கானிம் வந்தான். பாட்டிலைச் சமையல் மேடைமேல் வைத்தான். காலி. பஹீஜா அதைக் கையில் எடுத்தாள்.

"தண்ணி எப்படிடா இருந்துது?"

"ஏன், எப்பவும்போல நல்லாதான் இருந்துது."

"முழுசும் குடிச்சியா?"

"ஒரு சொட்டு விடல அக்கா. உன் கண்ணாணை."

சுஹாத் சிரிக்க வாயெடுத்து, நாத்தனாரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். பஹீஜா ஊர்க்குழாயைத் திறந்து ஒரு கோப்பை பிடித்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"இதான் இன்னிக்கு நீ குடிச்சது. இன்னும் கொஞ்சம் குடி."

அவன் உதட்டில் வைத்தான். வைத்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேருந்தே."

"எங்க ஊத்தறே?"

"துறைமுக கேட்டுப் பக்கத்துல ஒரு அரளிச் செடி இருக்கு. வரும்போது அதுக்கு."

"அந்தச் செடிக்குக் கண்ணு நல்லா தெரியுதாமா?" என்றாள் சுஹாத்.

பஹீஜா நோட்டை எடுத்தாள். "முடிந்தது", "முடிந்தது" என்று தன் மணியான எழுத்தில் இருந்த வரிகளை ஒவ்வொன்றாக அடித்தாள். ஐந்து வெள்ளிக்கிழமைகளை மட்டும் விட்டாள். அந்த விடுமுறை நாட்களில் அவன் வீட்டிலேயே இருந்து, அவள் பார்க்கக் குடித்தவன். இருபத்தொன்பது வரிகள் போயின. அவற்றோடு மீன், ஆளிவிதை, அக்ரூட் எல்லாமே போனதுபோல் இருந்தது. இன்னும் ஏழு நாள்தான் இருந்தது.

"உன்னைத் தூக்கி வளர்த்தவகிட்ட தினமும் காலி பாட்டிலை நீட்டினியே. கை கூசலயாடா உனக்கு?"

"நான் என்ன பண்ணட்டும்? மேல கழிப்பறை கிடையாது. இறங்கணும்னா இருநூத்திப் பன்னெண்டு படி. லிப்ட் பாதி நாள் ஓடாது. நான் இறங்கி ஏறற அரை மணி கப்பல் சும்மா நிக்கும். எல்லாரும் வயர்லெஸ்ல கத்துவாங்க. மேல ஏறறவன் எவனும் காலைலேருந்து தண்ணி குடிக்க மாட்டான் அக்கா. வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே அதைத்தான் சொல்லித் தர்றாங்க. வயித்துல குளம் வச்சிருக்கறவன் கீழயே நில்லுன்னு."

"ஒரு அகலவாய் டப்பாவைக் கொண்டுபோறது."

"எங்ககூட வேலை செய்யற ஷனாவா கொண்டுபோனான். மூடியைச் சரியா மூடல. மழையே வராத ஆகஸ்ட் மாசம், கீழ லாரிக்காரன் அண்ணாந்து வானத்தைப் பாத்திருக்கான். அன்னிலேருந்து ஷனாவா பேரு மழை. பதினோரு வருஷமாச்சு. மகன் கல்யாணத்துலகூட மழை வீட்டு மாப்பிள்ளைன்னுதான் சொன்னாங்க."

"மழைன்னு கூப்பிட்டா கூப்பிடட்டும். குருடன்னு கூப்பிட வேணாம்!"

அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் அவன் டப்பாவைக் கொண்டுபோகவில்லை. ஆனால் ஏசி காற்று முகத்தில் அடிக்காதபடி ஏசியின் வாயில் ஒரு தகட்டைக் கட்டி அதைத் திருப்பிவிட்டான். கூண்டு தகித்தது. ஒவ்வொரு பெட்டியை வைத்ததும் கண்ணை இறுக்கி இரண்டு தரம் மூடித் திறந்தான். பாட்டில் முக்கால்வாசி அப்படியே திரும்பி வந்தது. பஹீஜா கோபப்படவில்லை. கால் பாட்டில் என்று எழுதினாள். கூட்டிப் பார்த்தால் ஏழு நாளில் எந்த மூலைக்கும் போதாது என்று அவளுக்குத் தெரிந்தது.

பரிசோதனை நாளன்று நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். காகிதப் பட்டையை எடுத்து டாக்டர் விளக்கில் பிடித்தார்.

"வலது அஞ்சு. இடது நாலு."

பிறகு எழுத்துப் பலகை. கானிம் மேல் வரிகளை வேகமாகப் படித்தான். கீழே போகப்போக நின்றான். கண்ணை மூடினான், திறந்தான், ஒரு எழுத்துச் சொன்னான், மறுபடி மூடினான். கடைசி வரியைப் படித்து முடித்தபோது கன்னத்தில் தண்ணீர் வழிந்தது.

"படிக்கறீங்க. ஆனா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கறவரை நான் எப்படி மேல அனுப்பறது?" டாக்டர் நோட்டை வாங்கிப் புரட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "ஒன்றரை மாசத்துல ஒரு கோடுதான் ஏறியிருக்கு. அக்கா நோட்டுல மத்ததெல்லாம் ஒழுங்கா இருக்கு, தண்ணி வரியை மட்டும் அடிச்சிருக்கு. எனக்குப் புரியல. அந்தத் தண்ணி என்ன ஆச்சு?"

பஹீஜா வாய் திறந்தாள். சொல்வதற்கு அவளிடம் எல்லாம் இருந்தது, தேதியோடு. ஆனால் தம்பியின் காது சிவப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். இத்தனை நாள் அவனுக்காகப் பேசியவள் அப்போது நோட்டின் அட்டையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்கல டாக்டரம்மா," என்றான் கானிம். "நான் மட்டும் இல்ல. மேல யாரும் குடிக்க மாட்டோம். ஒண்ணுக்குப் போக முடியாது." பிறகு படிகளையும் லிப்டையும் சொன்னான். மழையையும் சொன்னான்.

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். "உங்க இடத்துலேருந்து இந்த வருஷம் பதினாலு பேர் கண்ணு எரியுதுன்னு வந்தாங்க. எல்லாருக்கும் தண்ணி குடிங்கன்னு சொல்லி அனுப்பினேன். ஒருத்தர்கூட இதைச் சொல்லலியே."

"யார் சொல்லுவாங்க டாக்டரம்மா? கேவலமில்லையா?"

அவர் வெகுநேரம் எழுதினார். மூன்று மாதத்துக்கு மட்டும் அனுமதி. பகல் முறை மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் இறங்க வேண்டும், அந்த நேரம் மாற்று ஆள் ஏற வேண்டும். மூன்று மாதம் கழித்தும் பட்டை நனையாவிட்டால் மேலே வேலை கிடையாது.

அடுத்த வேலை நாள் மாலையில் கானிம் பாட்டிலை மேடைமேல் வைத்தான். அடியில் மூன்று விரல் அளவு தண்ணீர் மீதி இருந்தது. பஹீஜா விரலை வைத்தே அளந்தாள்.

"இறங்கினியா?"

"நாலு தரம்."

"என்ன சொன்னாங்க?"

அவன் சூடான துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான். "பேரு வச்சுட்டாங்க அக்கா."

"என்னன்னு?"

"மழையோட தம்பி."

சுஹாத் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பஹீஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. துணிக்குக் கீழே அவன் கேட்டான்: "மூணு மாசத்துல பத்து வந்துடுமா?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரியாததை அவள் எழுதுவதில்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டு, "தண்ணீர், மூன்று விரல் மீதி" என்று எழுதினாள். துணி ஆறியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வெந்நீர் வைக்கப் போனாள்.