முதலாளியின் பல் சத்தம்

சீ, என்ன ஜென்மமோ! திங்கட்கிழமை காலை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததும் எஃபெக்ட்ஸ் அக்காவின் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய மாவுச் சல்லடையோடு மணல் தொட்டியின் முன்னால் குந்தி உட்காருவாள். தொட்டி மணல் முழுவதையும் கைகையாக அள்ளிச் சலிப்பாள். சல்லடையில் தங்குவது கல் அல்ல, முதலாளியின் கால் நகம். மஞ்சள் பூத்துப்போய், ஓரத்தில் அழுக்கோடு, தடித்தடியாக. சனிக்கிழமை மத்தியானம் அந்த மனுஷர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலை மடக்கி வைத்து வெட்டிப் போடுவது. கேட்டால், “மணல்ல விழுந்தா யாருக்குத் தெரியப்போகுது?” என்பார். தெரியும். அந்த மணலில் வெறுங்காலோடு நடப்பதுதான் அவளுடைய பிழைப்பு.

சினிமாவில் கதாநாயகன் கடற்கரையில் நடக்கும்போது கேட்கிற காலடி அவன் காலடி அல்ல. படப்பிடிப்பில் அகப்படும் சத்தம் பாதிக்கு மேல் லாயக்குப்படாது. அதனால் பிறகு ஓர் அறையில் படத்தைத் திரையில் ஓடவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே வேறு யாராவது நடக்க வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், புடவையை உரச வேண்டும். எலும்பு முறிய வேண்டுமானால் முட்டைக்கோஸை முறிக்க வேண்டும். இந்த வேலைக்கு எஃபெக்ட்ஸ் என்று பெயர். அக்கா அங்கே கூட்டிப் பெருக்கத்தான் வந்தாள். ஒருநாள் எஃபெக்ட்ஸ்காரர் வராமல் போக, மழைக்காட்சிக்கு இவள் ஈரத்துணியைத் தரையில் அடித்துக் காட்டினாள். அன்றைக்குப் பிடித்த வேலை, பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, நாற்பத்தோரு படம்.

அந்த நாற்பத்தோரு படத்திலும் ‘ஒலி விளைவுகள்’ என்ற எழுத்துக்குக் கீழே வந்த பெயர் முதலாளியுடையது. “கூடம் யாருது? என்னுது. அப்ப சத்தம் யாருது?” என்று நியாயம் வேறு பேசுவார். போன வருஷம் நகரத்தின் பெரிய கூடம் ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினாள். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்: “உங்க பேர் வந்த படம் ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா.” சொல்ல ஒன்று இல்லை. பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டாள். ஒரே ஒரு படத்தில் பெயர் வந்தால் போதும், இந்தக் கருமத்தைத் தலைமுழுகிவிட்டுப் போய்விடலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நகம் மட்டுமா? மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் போதும், முதலாளிக்கு மூக்கு வேர்த்துவிடும். “இன்னைக்கு என்ன விசேஷம்?” என்று கேட்டபடி விரலை விடுவார். பிடித்ததை எடுத்துக் கடிப்பார். பிடிக்காவிட்டால் கடித்த மிச்சத்தைத் திரும்ப அதிலேயே வைப்பார். எச்சில், தீட்டு எதுவும் கிடையாது அந்த மகானுபாவனுக்கு. பிறகு தீக்குச்சியால் பல்லைக் குத்தி, குச்சியை அவள் மேஜையிலேயே போட்டுவிட்டு, கடைசியாக அந்தச் சத்தம். நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டவைத்து, எச்சிலோடு காற்றை உள்ளே இழுத்து, “இஸ்ஸ்ச்க்.” நிறுத்தி, இன்னொரு தடவை. கூடத்தில் அவருக்கு ‘உறிஞ்சி’ என்று பட்டப்பெயர். ஒலிப்பதிவு மிஷின் பார்க்கும் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் அந்தச் சத்தம் கேட்டதும் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொள்வார். அக்காவுக்கோ காதுதான் பிழைப்பு, மூட முடியாது. குமட்டலை விழுங்கிக்கொண்டு டப்பாவை மூடி வைப்பாள். பாதி நாள் பட்டினி.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. படத்தில், தங்கள் முதலாளியைக் கண்டாலே ஆகாத நான்கு குமாஸ்தாக்கள், அவர் இன்றைக்குச் சாவார், நாளைக்குச் சாவார் என்று மலர்வளையத்தைக்கூட வாங்கி அலமாரியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். வளையம் வாடுகிறது, மனுஷர் வாடவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கொலைக்குப் போகிற கதை. இயக்குநருக்கு முதல் படம். தலையில் கை வைத்துக்கொண்டு அக்காவின் முன்னால் உட்கார்ந்தார்.

“முதலாளியா நடிச்சவரு ரொம்ப நாகரிகமானவருக்கா. வாயை மூடிக்கிட்டு மெல்றாரு. இவரைப் பார்த்தா யாருக்குக் கொல்லணும்னு தோணும்? ஏதாவது ஒரு சத்தம் வேணும். கேட்டாலே உடம்பு கூசணும்.”

அக்கா தன் மேஜையில் கிடந்த தீக்குச்சியைப் பார்த்தாள். பிறகு, “இருக்கு” என்றாள்.

“செஞ்சு குடுத்தீங்கன்னா டைட்டில்ல உங்க பேரு தனியா வரும். நான் வாக்கு குடுக்கறேன்.”

ஈரத்தோலை உரசிப் பார்த்தாள், ஆரஞ்சுத் தோலைப் பிதுக்கிப் பார்த்தாள். ஊஹும். அந்தச் சத்தம் பொருளில் இல்லை, வாயில்தான் இருக்கிறது. சீ என்று ஆகிவிட்டது அவளுக்கு. அந்த ஆளின் வாயைத் தன் வாய்க்குள் வைத்துக்கொள்வதா? ஆனாலும் பெயர் வேண்டுமே. ஒன்பது நாள் மைக்கின் முன்னால் நின்று நாக்கை மேல்பல்லில் ஒட்டி ஒட்டி இழுத்தாள். ஒவ்வொரு தடவையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். ஒன்பதாம் நாள் சாயங்காலம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சோடாபுட்டிக்காரர் திடுக்கிட்டு ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார், உறிஞ்சி வந்துவிட்டாரோ என்று. அவ்வளவு அச்சு அசல்.

அந்த நாட்களில் ஒருமுறை வீட்டில் மகள் கேட்டாள்: “அம்மா, பல்லுல ஏதாவது மாட்டிக்கிச்சா?”

“வேலைடி” என்றாள் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, படத்தைத் திரையுலகத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் கணவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள் டைட்டிலில் அம்மா பெயர் வரும்போது படம் பிடிக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பெயர்கள் ஓடின. ‘ஒலி விளைவுகள்’ வந்தது. அதற்குக் கீழே உறிஞ்சியின் பெயர், நாற்பத்திரண்டாவது தடவையாக. பெயர்ப் பட்டியலைக் கூடத்திலிருந்து அனுப்புகிறவர் அவர்தானே. மகள் போனை மெல்ல இறக்கினாள்.

“எங்கேம்மா உன் பேரு?”

பாவி, நாசமாய்ப் போகிறவன் என்று அக்கா மனசுக்குள் வைதாள். மகளின் போனை வாங்கிப் பைக்குள் போட்டாள்.

படத்துக்கு அரங்கம் குலுங்கியது. திரையில் முதலாளி பல்லை உறிஞ்சும்போதெல்லாம் ஜனங்கள் “ஐயே!” என்று கத்தி, முகத்தைச் சுளித்து, விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிந்ததும் மேடையில் நாற்காலி போட்டு முக்கியஸ்தர்களை உட்கார வைத்து, ஆளுக்கொரு சின்ன மைக்கைச் சட்டையில் குத்திவிட்டார்கள். உறிஞ்சி நடுநாற்காலி.

“ஒன்பது நாள் தூக்கமில்லாம உழைச்சேன். ஒவ்வொரு சத்தமும் என் சத்தம்” என்றார், மார்பைத் தட்டி.

இயக்குநருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது, ஆனால் குரல் பவ்யமாக இருந்தது. “அப்ப ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சார்.”

ஜனங்கள் கைதட்டினார்கள். உறிஞ்சி எழுந்து தொண்டையைச் செருமி, உதட்டைக் குவித்து, “ப்சு” என்றார். பல்லி கத்தியது போல இருந்தது. மறுபடியும் “ப்சு, ப்சு.” ஒருவரும் சிரிக்கவில்லை. தன் வாய் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தானே செய்து காட்ட! “தொண்டை கட்டியிருக்கு” என்று முணுமுணுத்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து டீயும் பிஸ்கட்டும் வந்தன. ஒன்றுக்கு மூன்றாக நனைத்து உள்ளே தள்ளினார். தள்ளிவிட்டு, எங்கோ பார்த்தபடி,

“இஸ்ஸ்ச்க்.”

சட்டை மைக் அதை அரங்கத்தின் நாலு மூலைக்கும் கொண்டுபோனது. முன்வரிசையில் யாரோ “ஐயே!” என்றார்கள். பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போகிற சிரிப்பு. சோடாபுட்டிக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என்ன? என்ன ஆச்சு?” என்று உறிஞ்சி அக்கம்பக்கம் பார்த்துக் கேட்டார்.

“அக்கா, மேல வாங்க. சத்தம் பண்ணது நீங்கதானே?” என்று இயக்குநர் கூப்பிட்டார்.

போனாள். மைக்கை வாங்கி, நாக்கை ஒட்டி, இழுத்தாள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியவர் உறிஞ்சிதான். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

“அட, எங்கப்பா! அப்படியே எங்கப்பா! சாப்பிட்டு முடிச்சதும் இப்படித்தான் உறிஞ்சுவாரு. எனக்குக் குமட்டிக்கிட்டு வரும். சின்ன வயசுல தட்டைத் தூக்கிக்கிட்டு மாடிப்படியில போய்தான் சாப்பிடுவேன்.” சொல்லிவிட்டு இன்னொரு பிஸ்கட்டை மென்றார். “இஸ்ஸ்ச்க்.”

அவர்மேல் இரக்கம் வரவேண்டுமோ என்று அக்கா ஒரு நொடி யோசித்தாள். வரவில்லை. வந்தது குமட்டல்தான்.

அந்த வாரமே இயக்குநர் வாக்கைக் காப்பாற்றினார். படத்தின் பெயர்ப் பட்டியலைத் திருத்தி, பெரிய கூடத்துக்கும் பேசிவிட்டார். ஒன்றாம் தேதி சேரச் சொன்னார்கள். பழைய இடத்தில் மாவுச் சல்லடையை மட்டும் எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வந்துவிட்டாள். சல்லடையை வழியிலேயே குப்பையில் போட்டாள்.

ஞாயிறு மத்தியானம் வீட்டில் கோழி. மூன்று பேரும் தரையில் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு டப்பாவில் விரல் விட யாரும் இல்லை என்ற நிம்மதியில் அவள் வயிறாரச் சாப்பிட்டு எத்தனை காலம்! நடுவில் இயக்குநர் போனில் படம் அனுப்பியிருந்தார்: கறுப்புத் திரையில் தனியாக, இனிஷியலோடு, அவள் பெயர். “பாருடி, பாரு” என்று மகளிடம் காட்டினாள். கணவன் வாங்கி இரண்டு தடவை சத்தமாக வாசித்தான். அவள் திரும்ப வாங்கி, எலும்பைத் தட்டோரம் வைத்துவிட்டு, அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஸ்ஸ்ச்க்.”

கணவனின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அவன் அவளைப் பார்க்காமல் தண்ணீர் டம்ளரைப் பார்த்தான். மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்கடி போற, பாதியில?”

“மாடிப்படியில காத்து நல்லா வருதும்மா” என்றாள் மகள், திரும்பிப் பார்க்காமல்.

அக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள். உள்ளே நாக்கு மறுபடியும் மேல்பல்லைத் தேடிப் போயிற்று.