ஒரு வருடத்துக்கு எடுத்த பெயர்

தில்லைநாதன் அண்ணன் காலையில் கடைக்கு வந்ததும் பத்திரிகையில் முதலில் புரட்டுவது மரண அறிவித்தல் பக்கம். கவலைப்படுவதற்கு அல்ல, பெயர் பொறுக்குவதற்கு.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் அச்சகம் இருக்கிறது. ஆள் இறந்து முப்பத்தோராம் நாள் வீட்டார் கொடுக்கும் நினைவு மலர்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. அவர் பக்கம் வடிவமைப்பார், நான் எழுத்துப் பிழை பார்ப்பேன். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து எட்டு வருடமாக அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கிறேன். ஆகவே அந்த மனிதனைப் பற்றிக் கோபமாகக் கதைக்க எனக்கு உரிமை இருக்கிறது.

வெப்சைட் ஒன்று திறக்குமுன் அதற்கு இணையத்தில் ஒரு பெயர் வாங்க வேண்டும். டொமெயின் என்பார்கள். முதலில் கேட்பவனுக்குத்தான் அது கிடைக்கும், தவணை முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும். இறந்தவர்களின் பெயரோடு ‘நினைவு’ என்று சேர்த்து அண்ணன் வாங்கி வைத்துக்கொள்வார். கனடாவில், லண்டனில் இருக்கும் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு நினைவுத் தளம் கேட்டு வருவார்கள், அப்போது கொடுக்கலாம் என்பது அவருடைய மகா திட்டம். இரண்டு பேர் வந்தார்கள். மற்ற அறுபதும் வீடு கட்டாத காணி மாதிரிக் கிடந்தன. திறந்தால் வெள்ளைப் பக்கம்.

“விட்டுத் தொலைங்க அண்ணே. செத்தவங்க பெயரை எல்லாம் கட்டிக்கிட்டு அழுறீங்களே” என்பேன்.

“விடேலாது யூஜினா. நான் விட்ட அடுத்த கிழமை வேறை ஆரும் எடுத்துப்போடுவாங்கள்.”

அதிலும் நியாயம் இருந்தது. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரின் பெயரை ஒருமுறை அவர் புதுப்பிக்காமல் விட, எவனோ அதை எடுத்துச் சூதாட்டத் தளம் நடத்தினான். முன்பு அதே பெயரை வேண்டாம் என்று சொன்ன அதிபரின் மகன், லண்டனிலிருந்து அழைத்து அண்ணனைக் கிழி கிழி என்று கிழித்தான். அன்றிலிருந்து மனிதனுக்கு ஒரு பயம் பிடித்துவிட்டது.

போன ஒக்டோபரில் அவருடைய மனைவி பாலேஸ்வரி அக்காவுக்குச் சுவாசப்பையில் நீர் கோத்து, ஐசியூவில் சேர்த்தார்கள். ஒரே மகள் சிவானி கனடாவில். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவரை மட்டும் சற்று நேரம் உள்ளே விடுவார்கள். மூன்றாம் நாள், புதன்கிழமை, எதற்கும் தயாராக இருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்று பன்னிரண்டேகாலுக்கு அண்ணன் ஆஸ்பத்திரியில் இல்லை. கடையில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். திரையில் அக்காவின் பெயர், அதற்குப் பின்னால் ‘நினைவு’. பணமும் கட்டியாகிவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “உங்களுக்கு என்ன பைத்தியமா அண்ணே? அக்கா இன்னும் உயிரோட இருக்காங்க.”

“வேறை ஆரும் எடுத்துப்போடுவாங்கள்” என்றார். “அங்கை போய் அவளை அந்தக் கோலத்திலை பாக்க என்னாலை ஏலாது யூஜினா.”

அக்கா சாகவில்லை. இரண்டு நாளில் மூச்சு சீராகி வார்டுக்கு மாற்றினார்கள். சிவானியோடு வீடியோவில் கதைக்கட்டும் என்று அண்ணன் தன்னுடைய பழைய போனை அக்காவிடம் கொடுத்தார். தன் மின்னஞ்சல் எல்லாம் அதிலும் வந்து விழும் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை. அக்கா தபால் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவர், கைக்கு வந்ததை ஒன்றும் விடாமல் வாசிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை நான் சூப் கொண்டு போயிருந்தேன். அண்ணன் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா போனைப் பார்த்தபடியே கேட்டார்.

“இஞ்சரப்பா, எத்தினை வருசத்துக்கு எடுத்தனீங்கள்?”

அண்ணனுக்கு விளங்கிவிட்டது. “ஒரு வருசத்துக்கு” என்றார்.

“அது பரவாயில்லை. உங்கடை பழக்கம் எனக்குத் தெரியும்தானே.” அக்கா திரையை அவர் பக்கம் திருப்பினார். “புதன்கிழமை, பன்னிரண்டு பதினேழுக்குக் காசு கட்டினது எண்டு இதிலை கிடக்கு. அந்த நேரம் நான் கதவைப் பாத்துக்கொண்டு கிடந்தனான். நர்ஸ் உள்ளை விடேல்லை எண்டெல்லோ பிறகு சொன்னீங்கள்.”

அண்ணன் பழத்தைக் கையில் வைத்தபடி அழுதார். “பயந்துபோனன் பாலேஸ்.”

“நானும்தான் பயந்தனான்” என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் இருந்தார். அண்ணன் விழுந்து விழுந்து பார்த்தார். மாத்திரை கொடுத்தார், கஞ்சி காய்ச்சினார், வீங்கிய காலைப் பிடித்துவிட்டார். அக்கா சண்டை பிடிக்கவில்லை. ‘ஓம்’, ‘வேண்டாம்’ என்பதற்கு மேல் கதைக்கவும் இல்லை. ஒரு தடவை பழையபடி ‘இஞ்சரப்பா’ என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்று அந்த மனிதன் காத்துக் கிடந்ததைப் பார்க்க, எனக்கே பாவமாக இருந்தது.

மார்ச்சில் மறுபடியும் ஐசியூ. சிவானியின் விமானம் அடுத்த நாள்தான். இந்த முறை அண்ணன் விடியற்காலையிலிருந்து கதவடியில் நின்றார், ஒரு தேநீர் குடிக்கக்கூட நகரவில்லை. நானும் கூட இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வந்து, நோயாளி என்னைக் கேட்பதாகச் சொன்னாள். உள்ளே போய்வந்தேன். இனி ஒருவரையும் விடமாட்டார்களாம் என்று அண்ணனிடம் சொன்னேன். இரண்டு மணிக்கு அக்கா போய்விட்டார்.

அந்த அறுபது பெயர்களையும் அண்ணன் ஒவ்வொன்றாக விட்டுவிட்டார். யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். அக்காவின் பெயரை மட்டும் பத்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறார். அதிலும் இன்றுவரை வெள்ளைப் பக்கம்தான். போன கிழமை, ஏதாவது போடுங்களேன் என்று நானாகத்தான் சொன்னேன்.

“அவள் கடைசியா ஏதும் சொன்னவளோ யூஜினா? அதைத்தான் முதல்லை போடவேணும் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்.”

“கதைக்கிற நிலையில இல்ல அண்ணே” என்றேன்.

பொய். மூச்சுக் கவசத்தைத் தானே விலக்கி, ஒவ்வொரு சொல்லாக அக்கா சொன்னது இதுதான்: “அவரை உள்ளை விடவேண்டாம் எண்டு சொல்லு. கதவைப் பாத்துக்கொண்டு நிக்கட்டும்.”