திட்டம் உழைத்த காசு

நன்கொடைத் திட்டங்களுக்குக் கணக்குப் பார்க்கிறவர்களுக்குச் செலவைக் கண்டு பயமில்லை. வருமானத்தைக் கண்டுதான் பயம். செலவுக்கு ரசீது இருந்தால் தப்பிவிடலாம். ஆனால் நன்கொடையில் வாங்கிய மிஷின் ஒன்று நாலு காசு உழைத்துவிட்டால், அது யாருடைய காசு, எதற்குச் செலவழிக்கலாம் என்று கேள்விகள் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் எனக்கு இதுதான் வேலை. இதே கதிரையில் இருந்து தலையைச் சொறிகிறவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. மற்றவர்களுக்கு மட்டும் விதியைச் சொல்லிவிடுகிறேன்: திட்டம் நடக்கும் காலத்தில் அது உழைக்கும் காசை நன்கொடையாளருக்கு அறிவிக்க வேண்டும். அந்தக் காசைத் திட்டத்தின் நோக்கத்துக்கே செலவழிக்கலாம். இல்லாவிட்டால் அடுத்த தவணையில் கழித்துக்கொள்வார்கள்.

இரட்டைக் குட்டிகள்

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தென்மராட்சியில் நாங்கள் மாதிரிக்காக நடத்திய ஆட்டுக் கொட்டிலில் ஓர் ஆடு இரட்டைக் குட்டி போட்டது. அலுவலகத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். நன்கொடையில் வாங்கியது ஓர் ஆடு. இப்போது மூன்று நிற்கின்றன. அப்படியானால் இந்த இரண்டும் வருமானமா? ஒப்பந்தத்தைப் புரட்டினேன். ஆடு குட்டி போடும் என்று அதை எழுதியவர்கள் யோசிக்கவே இல்லை.

கொழும்பில் இருந்த நன்கொடையாளரின் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். அங்கேயும் கூடிப் பேசியிருப்பார்கள் போல. பதில் பிந்தித்தான் வந்தது. பிறப்பு வருமானமல்ல, விற்பனைதான் வருமானம் என்றார்கள். கொட்டிலைப் பார்த்துக்கொண்ட கணேசு ஐயாவிடம் நேரில் போய் அதைச் சொன்னேன். அவர் குட்டிகளுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்றார். "இதுக்கு ஏன் பிள்ளை கொழும்பைக் கேட்டனீங்கள்? வித்தால்தானே வருமானம். இப்ப இதுகள் ரெண்டும் எனக்குச் செலவு."

மீனில்லாத கிழமை விற்ற ஐஸ்

பருத்தித்துறையில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஐஸ் அடிக்கும் மிஷின் வாங்கிக் கொடுத்திருந்தோம். மீனவருக்குக் குறைந்த விலையில் ஐஸ் கொடுக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஒருமுறை கடல் கொந்தளித்து, ஒரு கிழமை, ஏழு நாளும், படகு எதுவும் போகவில்லை. ஆனால் அந்தக் கிழமைதான் ஐஸ் விற்பனை கூடியிருந்தது. மீனே இல்லாதபோது ஐஸ் எங்கே போனது என்று அறியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பஸ் ஏறிப் போனேன்.

சங்கத் தலைவர் செல்வராசா அண்ணை எதையும் ஒளிக்கவில்லை. இரண்டு கலியாண வீட்டுக்காரரும், குளிர்பானம் விற்கிற ஒரு கூல்பார்க்காரரும் வந்து கேட்டார்களாம். வெளியாட்களுக்கு என்றபடியால் விலையையும் கொஞ்சம் கூட்டி விற்றிருக்கிறார். அதுவும் திட்டத்தின் வருமானம்தான், அறிவிக்க வேண்டும் என்றேன். அவருடைய முகம் சுருங்கியது. அந்த வருமானத்தை உழைக்கப் பிடித்த செலவைக் கழிக்கலாம், மிச்சத்தைக் காட்டினால் போதும் என்று விளங்கப்படுத்தினேன். அவர் உள்ளே போய்க் கரண்ட் பில்லை எடுத்துவந்து என் கையில் வைத்தார். "ஓம், எழுதுங்கோ தங்கச்சி. எழுதேக்கை இதையும் பக்கத்திலை எழுதுங்கோ. கடல் கொந்தளிக்குதெண்டு இது நிக்கிறேல்லை."

வட்டி வேண்டாம்

ஒரு திட்டம் தொடங்கப் பிந்தியதால் அதற்கு வந்த பணம் சில மாதங்கள் வங்கியில் சும்மா கிடந்து வட்டி போட்டது. அந்த வட்டியும் எங்களுடையதல்ல; திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்புகிற வில்லங்கத்தைவிட வட்டி வராமல் இருப்பதே நிம்மதி என்று வங்கிக்குப் போய், வட்டியில்லாத கணக்கு ஒன்று தரும்படி கேட்டேன். கவுண்டரில் இருந்த பிள்ளை என்னை இரண்டு தரம் பார்த்துவிட்டு மனேஜரைக் கூட்டிவந்தாள். அவர் எனக்கு ஒரு கதிரையைக் காட்டி, சுகமில்லாத ஆளிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார். "வட்டி காணாதெண்டு சண்டை பிடிக்க வாற ஆக்களை எனக்குத் தெரியும். நீங்கள் என்ன பிரச்சினை எண்டு ஒருக்கால் ஆறுதலாய்ச் சொல்லுங்கோ."

சரிந்த வாழைகள்

நீர்வேலியில் பெண்கள் சங்கம் ஒன்று எங்கள் திட்டத்தில் வாழைக்காய்ச் சிப்ஸ் பொரித்து விற்றது. வந்த லாபத்தில் இன்னொரு சீவல் மிஷின் வாங்க எழுத்தில் அனுமதியும் எடுத்துவிட்டோம். அந்த நேரம் பார்த்து ஒரு பின்னேரம் அடித்த காற்றில் சங்கப் பெண்களின் வாழைத் தோட்டங்கள் சரிந்தன. முற்றாத குலைகள் எல்லாம் நிலத்தில். வியாபாரி சொன்ன விலை குலையை வெட்டுகிற கூலிக்கும் காணாது. சங்கத் தலைவி புஷ்பமலர் அக்கா மறுநாள் காலையிலேயே எனக்குப் போன் எடுத்தார். மிஷின் வாங்க வைத்த காசில் குலைகளை நியாய விலைக்கு வாங்கிப் பொரிக்கலாமா என்று கேட்டார்.

நன்கொடையாளரின் கொழும்பு அதிகாரி நசீரை அழைத்தேன். எழுதிக் கேட்கும்படியும், பதிலுக்கு ஒரு கிழமையாவது ஆகும் என்றும் சொன்னார். அதற்குள் காய் கறுத்துவிடும் என்றேன். அந்த மிஷினை எதற்கு வாங்க இருந்தீர்கள் என்று கேட்டார். கூடுதலாகக் காய் வாங்கிச் சீவத்தான் என்றேன். "அப்ப காயை வாங்குங்க. கடிதத்த இன்னைக்கே அனுப்புங்க, மேல நான் பேசுறேன்" என்றார். கடிதத்தை அப்போதே எழுதி அனுப்பினேன். மேலே ஒத்துக்கொள்ளாவிட்டால் அவருக்கும் எனக்கும்தான் கேள்வி வரும்.

பெண்கள் முறை வைத்து நாட்கணக்காகப் பொரித்தார்கள். முற்றாத காய் என்றபடியால் சிப்ஸ் கொஞ்சம் கறுப்பு. விலையைக் குறைத்துத்தான் விற்க முடிந்தது. மிஷின் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டோம். ஆனால் குலைக்குக் கிடைத்த காசில் பலர் திரும்பவும் வாழைக்குட்டி நட்டார்கள். மேலிடமும் ஒத்துக்கொண்டது. பிறகு ஒரு நாள் நீர்வேலிக்குப் போனபோதுதான், புஷ்பமலர் அக்காவின் தோட்டத்து மூலையில் காய்ந்து கறுத்த குலைகள் குவிந்து கிடப்பதைக் கண்டேன். குலை வாங்குகிற வரிசையில் தன்னுடையதைக் கடைசியாகப் போட்டிருக்கிறார். அவருடைய முறை வரும்போது காசு முடிந்துவிட்டது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "தலைவியின்ரை காயை முதல் வாங்கினால், கொழும்புக்கு நீங்கள் என்னெண்டு எழுதுவியள்?"

இனி யாருக்குச் சொல்வது

அந்த நீர்வேலித் திட்டம் முடிந்த நாள் சங்கக் கூட்டத்தில் ஒரு நல்ல செய்தி சொன்னேன். இனி இருக்கிற சீவல் மிஷினும் உங்களுடையது, அது உழைக்கிற காசும் உங்களுடையது, ஒருவருக்கும் அறிவிக்கத் தேவையில்லை என்றேன். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்து பொருளாளர் ராஜி அக்கா எழும்பினார். "அப்ப நல்லாய் உழைச்சால் நாங்கள் ஆருக்குச் சொல்லுறது, மிஸ்?"

இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான்: தோற்றுப்போன திட்டத்துக்கு ஒரு பக்க அறிக்கையோடு கதை முடிந்துவிடுகிறது, உழைக்கிற திட்டத்துக்குத்தான் ஏன் உழைத்தது என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.