நான்காவது பெட்டி

விஜயலக்ஷ்மிக்கு நாற்பத்தெட்டு வயது. இத்தனை வருஷத்தில் அவள் அதிகமாகச் சொன்ன வார்த்தை ‘சரி’தான். சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் ஓரத்து வீட்டை இடித்துவிட்டுக் கண்ணகி நகரில் மூன்றாவது மாடி கொடுத்தபோது சரி என்றாள். லிஃப்ட் கிடையாது என்றபோதும் சரி. புருஷன் வேறொருத்தியோடு போகிறேன் என்ற அன்று மட்டும் சரி சொல்லவில்லை. அன்று சோற்றுக் கரண்டிதான் பேசியது.

படுத்துக் கிடப்பவர்களைப் பகலில் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தி.நகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த கம்பெனி அவளை மயிலாப்பூருக்கு அனுப்பியிருந்தது. அங்கே வைதேகி, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியது: ‘வேண்டாம்.’ முப்பது வருஷம் பிள்ளைகளை மிரட்டிய வாய் எதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது பாருங்கள்.

சட்னி இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றாலும் வேண்டாம்தான். கடைசியில் லேசாக இழுப்பார். பாத்ரூம் போக வேண்டுமென்றால் இரண்டு முறை, வெட்டி வெட்டி. ஃபேன் வேகமாகச் சுற்றினால் மூக்கால் ஒரு வேண்டாம். நிஜமாகவே வேண்டாமென்றால் வாயே திறக்க மாட்டார், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். இந்தப் பாஷை உலகத்தில் விஜிக்கு மட்டும்தான் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மகள் ஜலஜா கல்லூரியில் வேலை பார்க்கிறாள். காலை ஏழுக்குப் போனால் இரவு ஏழு. அவள் தட்டை நீட்டி அம்மா வேண்டாம் என்றால், சரி வயிறு நிறைந்திருக்கிறது என்று எடுத்துப் போய்விடுவாள். ஆறு மணிக்கே விஜி ஊட்டிவிட்டிருப்பாள் என்பதால் இதில் குறையும் வரவில்லை.

கம்பெனிக்கு ஒரு ஆப் உண்டு. காலையில் வாசலில் நின்று அதைத் திறந்தால் மூன்று பெட்டிகள் ஒரே நேரத்தில் வந்து ஒன்றன்மேல் ஒன்றாக விழும். இடம் பதிவு செய்யப்படும், சரி. சீருடை கட்டாயம், சரி. கைகளைக் கழுவவும், சரி. பச்சைப் பொத்தான் எப்போதும் வலது மூலையில்தான். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் செருப்பு. கட்டைவிரல் தானாகவே மூன்று தட்டு தட்டும். படிக்கிற வேலையெல்லாம் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை மூன்று தட்டியும் பெட்டி போகவில்லை. போன் மாட்டிக்கொண்டது என்று நினைத்து நான்காவதாக ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆப் அடையாறில் ஒரு தாத்தாவின் விலாசத்தைக் காட்டியது. மயிலாப்பூர்க்காரர்கள் தன்னை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்று விஜி புரிந்துகொண்டாள். இன்ன தப்பு செய்தாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரி என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை இரவு ஜலஜா போன் செய்தாள்.

“விஜி, புதுசா வந்தவ நல்லவதான். ஆனா அம்மா ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிடலை. எதைக் கொடுத்தாலும் வேண்டாம்கறா. நீ போணும்னு நெனச்சா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிண்டு போயிருக்கலாமோல்லியோ?”

“நானா போனேன்? நீங்கதான் என்னிய வேணான்னுட்டீங்கன்னு நெனச்சிக்கினு கீறேன். அத்த வுடுங்க, அம்மா பக்கத்துல கீறாங்களா? ஸ்பீக்கர்ல போடுங்க.”

போனில் ஃபேன் சத்தம். பிறகு, கடைசியில் நன்றாக இழுத்து, ஒரு ‘வேண்டாம்’.

“பசிம்மா அது. மோர்சாதம் குழைவா பெசஞ்சி ஊட்டுங்க. வேண்டாம்னு சொல்லச் சொல்ல ஊட்டுங்க.”

அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் கேட்கும்வரை விஜி போனை வைக்கவில்லை. ஜலஜா அழுதாளா என்று தெரியவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள்.

இரவு ஒரு வேளைக்கு வழி சொல்லியாகிவிட்டது. பகல் பன்னிரண்டு மணி நேரத்தை என்ன செய்வது? மறுநாள் அடையாறு தாத்தாவிடம் மத்தியானம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, விஜி நேராகத் தி.நகர் மாடிக்குப் போனாள். ஆப்பைச் செய்த குருபிரசாத் என்ற பையன் கணினியைப் பார்த்தே பேசினான். மாற்றல் கேட்டு அவளேதான் சரி கொடுத்திருக்கிறாள், பதிவு இருக்கிறது என்றான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வேறு வீட்டுக்கு மாற்றல் வேண்டுமா என்று கேட்கும் புதுப் பெட்டியாம். நான்கும் சேர்ந்தே வரும், கடைசியாக அனுப்பிய புதுப் பெட்டி எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்துகொள்ளும்.

அப்படியானால் அவள் முதல் தட்டிலேயே போய்விட்டிருக்கிறாள்.

“தம்பி, எங்காண்ட தண்ணி லாரி வந்தா கொடத்த வரிசையா வெப்போம். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்சா அடியில கீற கொடத்துக்கு எப்டி தண்ணி புடிப்ப?”

குருபிரசாத் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தன் போனிலேயே ஆப்பைத் திறந்தான். டப், டப், டப், டப். அவனும் எதையும் படிக்கவில்லை.

“இன்னும் எத்தனை பேர் இப்டி அமுத்தியிருப்பாங்கன்னு பாக்கணும்கா,” என்றான் மெதுவாக.

“அத்த நீ பாரு. எனக்கு அந்தக் கேள்விய மறுபடி அனுப்பு.”

அனுப்பினான். இந்த முறை ஒரே பெட்டி. விஜி எழுத்துக் கூட்டிப் படித்தாள். கட்டைவிரல் பழக்கத்தில் வலது மூலைக்குப் போய் அந்தரத்தில் நின்றது. அதை இழுத்துக்கொண்டு வந்து இடது பக்கம் இருந்த ‘வேண்டாம்’ மேல் வைத்து அழுத்தினாள். கொஞ்சம் ஓவராகவே அழுத்தினாள் என்று நினைக்கிறேன், திரையில் ஏற்கெனவே இருந்த கீறல் இன்னும் கொஞ்சம் நீண்டது.

திங்கட்கிழமை காலை மயிலாப்பூர் வாசலில் பெட்டிகள் வரிசையில் வந்தன. ஒன்றுக்குப் பதில் சொன்னால்தான் அடுத்தது. விஜி டிபன் பையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். நேரம் பிடித்தது. கைகளைக் கழுவவும் என்பதில் இருந்தபோது உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இழுவை இல்லை, வெட்டும் இல்லை, மூக்கும் இல்லை. இதுவரை கேட்காத ஒரு வேண்டாம். வகுப்புக்கு நேரம் கழித்து வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவைக்கிற டீச்சருடைய வேண்டாம்.

“வர்றேம்மா, வர்றேன்,” என்றாள் விஜி. “படிச்சிக்கினு கீறேன்.”