கூட வந்தவள்

மயக்கம் தெளிந்ததும் நான் முதலில் தண்ணீர் கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற கணவர் குனிந்து, "என்ன?" என்றார். மறுபடி கேட்டேன். மறுபடியும் "என்ன?" கல்யாணம் ஆன நாளிலிருந்து "கொஞ்சம் மெதுவாப் பேசேன், தெருவே கேக்குது" என்று கெஞ்சிய மனிதர் அன்றைக்குக் காதை என் வாயருகே கொண்டுவந்து நின்றார். என் தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

தைராய்டில் கட்டி. எடுத்துப் பரிசோதித்ததில் பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குரல் நரம்பு வீங்கியிருக்கிறது, சில மாதங்களில் சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். உதட்டைச் சுற்றி மரத்துப்போனாலோ விரல் நுனி குறுகுறுத்தாலோ உடனே வர வேண்டும், கால்சியம் குறைந்திருக்கும் என்று. அந்த ஒரு விஷயத்தை என் கணவரிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கக் கூடாதா? என்னிடமே சொல்லிவிட்டார். போச்சு.

மட்டாஞ்சேரி வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு வேறு வேலையே இல்லை. உதட்டைத் தொட்டுப் பார்ப்பேன். பச்சைமிளகாய் கடித்து உதடு எரிந்தாலும் கால்சியம்தான். எச்சில் விழுங்கிப் பார்ப்பேன். விழுங்க விழுங்க உள்ளே ஏதோ உருண்டை நிற்கிற மாதிரி இருக்கும். கண்ணாடியில் பார்த்தால் தையல் நேற்றைவிட வீங்கித் தெரியும். எங்கள் பலசரக்குக் கடை கொச்சங்காடியில், சுற்றிலும் கிடங்குகள். மிளகும் சுக்கும் காற்றிலேயே இருக்கும், அங்கே தொண்டை கமறாத ஆள் யார்? நான் வந்த நாளிலிருந்து கமறிய தொண்டைதான். ஆனால் இப்போது கமறினால் மூச்சு அடைக்கப் போகிறது என்று தோன்றும். தோன்றியதும் நெஞ்சு படபடக்கும். படபடத்ததும் விரல் குறுகுறுக்கும். அவ்வளவுதான், கூப்பிடு ஆட்டோவை.

எத்தனை தடவை ஓடினோமோ. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல் சேச்சி" என்று அனுப்பிவிடுவார்கள். திரும்பும்போது கணவர், "உனக்கு ஒண்ணும் இல்லை, கேட்டியா? இப்படியே போனா அந்த ஆட்டோ சேட்டனுக்குத்தான் அட்டாக் வரும்" என்பார். எனக்குச் சிரிப்பு வராது, எரிச்சல்தான் வரும். கழுத்து என்னுடையதல்லவா?

இந்தப் பயங்களுக்கெல்லாம் அடியில் ஒரு பயம் கிடந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அது அம்மாவைப் பற்றியது.

அம்மா பாலக்காட்டில் தம்பி வீட்டில் இருந்தாள். கண் பார்வை முழுக்கப் போயிருந்தது, நினைவும் அங்கங்கே தடுமாறத் தொடங்கியிருந்தது. தினமும் விளக்கு வைத்ததும் நான் போன் செய்வேன். இன்றைக்கு என்ன குழம்பு, கடையில் யாரோடு சண்டை, மழை உண்டா இல்லையா, இவ்வளவுதான் பேச்சு. ஆனால் அவளைப் பொறுத்தவரை மகள் என்றால் அந்தச் சத்தம்தான். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் முறை கூப்பிட்டு, மூச்சையெல்லாம் கூட்டி "அம்மா" என்றேன். அம்மா மிகவும் மரியாதையாக, மலையாளத்தில், "ஆராணு? மனசிலாயில்லல்லோ" என்றாள். யாரென்று தெரியவில்லையே என்கிறாள், என்னிடம்!

எங்கள் வீட்டுக்குள் தமிழ்தான். மலையாளம் வாசலுக்கு வெளியே, பால்காரரிடம், பேங்கில், முன்பின் தெரியாதவர்களிடம். பெற்ற தாய் என்னோடு மலையாளம் பேசியது அன்றுதான் முதல் தடவை. கத்தி வைத்த இடம்கூட அப்படி வலிக்கவில்லை.

தம்பி போனை வாங்கி, "அக்காதாம்மா பேசறா" என்று கத்தியது கேட்டது. "என் பொண்ணு சத்தம் எனக்குத் தெரியாதா? போடா" என்றாள் அம்மா. அடுத்த நாளும் அதே கதை. அதற்கப்புறம் அந்த "ஆராணு"வைக் கேட்கத் தெம்பில்லாமல் நான் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன்.

நேரில் போயிருக்கலாமே என்பீர்கள். ரயிலில் மூச்சடைத்தால்? ஆலுவாவுக்கும் திருச்சூருக்கும் நடுவில் வண்டி நின்றுபோனால் எந்த டாக்டர் வருவார்? துணிகளைப் பையில் எடுத்துவைப்பேன், உதடு மரக்கும், பையைப் பிரித்துவிடுவேன். இப்படியே வாரங்கள் போயின. ஒருநாள் தம்பி கூப்பிட்டான். "அக்கா, அம்மா சரியாச் சாப்பிடறதில்லை. ஆபரேஷன்ல நீ போயிட்டியாம், நாங்க மறைக்கறோமாம். ஒரே அழுகை" என்றான்.

அன்றைக்கே கிளம்பினேன். கணவரும் கடையைச் சாத்திவிட்டு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். வழி முழுக்கக் கால்சியம் மாத்திரை டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக்காட்டுகிற பழக்கம் எனக்கில்லை. என் குரல் பிறகு திரும்பி வந்தது, டாக்டரம்மா சொன்னபடியே. அதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அன்று மதியம் அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோயிருந்தாள். நான் பேசாமல் போய் அவள் கையைப் பிடித்தேன். என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தவள் சுண்டுவிரலில் நின்றாள். எனக்குச் சுண்டுவிரல் வளைந்திருக்கும், அவளுக்கும் அப்படித்தான்.

"அடியே! வந்துட்டியா! உசிரோட இருக்கியா நீ!" என்று என்னை இழுத்து, முகம், காது, தலை எல்லாம் தடவினாள். "ஏண்டி இத்தனை நாளா வரலை?"

"வர முடியலைம்மா" என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. முகத்தை என்னைவிட்டுச் சற்று அப்பால் திருப்பி, "இரிக்கூ, இரிக்கூ" என்று யாரையோ உபசரித்து உட்காரச் சொன்னாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, தமிழில், தணிந்த குரலில் கேட்டாள்: "கூட வந்திருக்கறது யாருடி? ஆஸ்பத்திரி ஆளா?"

தம்பி வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி அடக்கினேன். விளக்கப் போனால் இந்தக் கையையும் என்னுடையதில்லை என்று விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

"பேசுடி. ஒரு வார்த்தை" என்றாள் அம்மா. நான் பேசவில்லை. வாய் ஓயாத நான், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கழுத்தைத் தடவிக்கொண்டு வந்த அவள் விரல் தையலில் பட்டது. அங்கேயே விரலை வைத்துக்கொண்டு, கூட வந்தவளிடம் மலையாளத்தில் கேட்டாள்: "அவள் இனி சம்சாரிக்குமோ?"

இனி இவள் பேசுவாளா? எத்தனை டாக்டர்களிடம் நான் கேட்டிருப்பேன் இந்தக் கேள்வியை. ஒருவர் சொன்னதையும் நம்பியதில்லை.

"சம்சாரிக்கும் அம்மே" என்றேன் அந்தக் காற்றுக் குரலில். நரம்பு வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான், வேறு ஒரு கெடுதலும் இல்லை என்று எனக்குத் தெரிந்த மலையாளத்திலெல்லாம் சொன்னேன். அம்மா தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டாள். அந்த அம்மாளுக்கு நன்றியும் சொன்னாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, என் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்திக்கொண்டாள். "கேட்டியாடி? உனக்கு ஒண்ணும் இல்லையாம். அந்த அம்மா சொல்றா பாரு. பயப்படாதே."

அவளுக்குக் கண் தெரியாது என்பதை மறந்து, நான் தலையை ஆட்டினேன்.