கழுத்துக்காகக் குடித்த தண்ணீர்

திண்டுக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் எனக்குக் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் வேலை. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஒரு வைகாசி முகூர்த்த நெருக்கடியில் என் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு முன்னால் ரோட்டைக் கடப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். டாக்டரிடம் போனேன். "அரை மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு நடங்க. இல்லேன்னா கம்ப்யூட்டர மறந்துட்டு வேற பொழப்பப் பாருங்க" என்றார். வேறு பிழைப்பு எனக்கு என்ன தெரியும்? பயந்துவிட்டேன்.

வீட்டிலிருந்த அலாரம் கடிகாரத்தைக் கொண்டுபோய் மானிட்டர் பக்கத்தில் வைத்தேன். அது அலறியதும் எழுந்து வாசல்வரை நடப்பேன். டாக்டர் சொன்னதைச் சொன்னதால் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். ஒருநாள் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து பிழை பார்க்கும்போது அது அலற, தாய்மாமன் ஒருவர் திடுக்கிட்டு வெள்ளை வேட்டியில் டீயைக் கொட்டிக்கொண்டார். "ஏலே, இது என்ன பள்ளிக்கூடமா, மணியடிச்சதும் எந்திரிச்சுப் போக?" என்று முதலாளி கடிகாரத்தைப் பிடுங்கி மேஜைக்குள் போட்டார். மனுசனா அவர்!

சரி, மணியைப் பிடுங்கலாம், மூத்திரத்தைப் பிடுங்க முடியுமா? அன்று முதல் பக்கத்திலேயே சொம்பை வைத்துக்கொண்டு தண்ணீராகக் குடித்துத் தள்ளினேன். உடம்பே அலாரம் அடித்தது. யாரும் தடுக்க முடியாது.

ஆனால் கக்கூஸ் மாடியில், முதலாளி வீட்டில். குழாயில் எப்போதாவதுதான் தண்ணீர் வரும் காலம். டிரம்முகளுக்குக் காவல் முதலாளியின் மனைவி. "ஏப்பா, இப்பத்தான போன? பிடிச்சு வச்ச அம்புட்டுத் தண்ணியும் ஒனக்கே சரியாப் போகுது!" என்று சத்தம் போட்டார். மறுநாள் கதவில் பெரிய பூட்டு தொங்கியது. எங்கள் ஊரில் பூட்டுக்கா பஞ்சம்? சாவி அந்த அக்காவின் இடுப்பில்.

அந்தப் பூட்டு செய்த புண்ணியத்தை மறக்க முடியாது. மாடி ஏறிப் போய்ச் சாவி கேட்டால், அக்கா வெஞ்சனத்துக்குக் காய் அரிந்தபடி, "செத்த நேரம் பொறு" என்பார். எங்கே பொறுப்பது? இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பேன். டாக்டர் சொன்னதற்கு மேலேயே நடை. கீழேயிருந்து முதலாளி, "எங்க போய்த் தொலைஞ்சான்?" என்று கத்துவார். அக்கா மேலேயிருந்து பதிலுக்குக் கத்துவார். அவர்கள் சண்டை முடியும்வரை எனக்கு ஓய்வுதான்.

ஆடி பிறந்து கடையில் கூட்டம் ஓய்ந்த ஒரு மதியம், பின்னால் யாரோ இருமினார்கள். சட்டென்று திரும்பினேன். இடப்பக்கமாக! வலியே இல்லை. அடடா, அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்ல! "அண்ணே, கழுத்து திரும்பிருச்சுண்ணே!" என்று கத்திவிட்டேன்.

இருமியவர் முதலாளிதான். என் கழுத்தை உற்றுப் பார்த்தார். "சந்தோசம்லே. அப்ப இனிமே தண்ணி எதுக்கு?" என்று சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தேன். "அண்ணே, மறுபடியும் பிடிச்சுக்கிருச்சுண்ணே."

ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக நின்றன. டைப் அடிக்க வேறு ஆளும் இல்லை. அவரே சொம்பைக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்தார். அங்கே வேலை பார்த்த வரைக்கும், அவர் எந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாலும், நாற்காலியோடு சேர்ந்துதான் திரும்பினேன்.